நாணை இறக்கலாமா? வேட்டைப் பருவம் முடிந்த பின் வில்லை வைத்திருக்கும் முறை

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மிச்சிகனில் முதல் ஆண்டு மான் வேட்டையை முடித்திருக்கிறீர்கள். உங்கள் காம்பவுண்ட் வில் (சக்கரங்களும் கேபிள்களும் பூட்டிய, 60 பவுண்டு இழுவிசை கொண்டது) கராஜ் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்பளிப்பாகக் கொடுத்த பழைய மர வில் ஒன்று அதே கராஜின் மூலையில் சாய்ந்து நிற்கிறது. வேட்டை முடிந்ததும் நாணை இறக்கி வைக்க வேண்டும் என்று அந்தப் பெரியவர் சொன்னார், காம்பவுண்ட் வில்லில் அதை எப்படிச் செய்வது, அக்டோபர் வரை வேறு என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நாணைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தாலும் அதன் அடியில் இருப்பது வேறு ஒரு கவலை: ஒன்பது மாதம் சும்மா கிடக்கும் வில் தானாகவே பலம் இழந்துவிடுமா? இழக்காது. காம்பவுண்ட் வில்லை ஓய்வு கெடுப்பதில்லை. வைத்திருக்கும் இடம் கெடுக்கும், அதைவிட அதிகமாகத் தெரியாமல் வைக்கும் கை கெடுக்கும்.

எதை வைத்து இதைச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட் அருகே வாகனத் துறையில் கண்ணாடி இழையும் கார்பன் இழையும் எபாக்சி என்ற பிசினும் சேர்ந்த பாகங்களைச் சோதிப்பது என் தொழில். வில்லோடு காட்டுக்குப் போகத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதில் எட்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் ஒரு வில் கடையின் பழுதுபார்க்கும் மேசையில் உதவிக்கு இருக்கிறேன். காம்பவுண்ட் வில்லைப் பற்றி நான் உறுதியாகப் பேசுவது இந்த அனுபவத்தால். மர வில் அப்படியல்ல. அதை வைத்துக்கொள்ளத் தெரியும், செய்யத் தெரியாது. ஆகவே அதைப் பற்றிக் கீழே சொல்லும்போது கொஞ்சம் அடக்கியே சொல்வேன்.

முதலில் அவசரமான விஷயம். காம்பவுண்ட் வில்லின் நாணை வீட்டில் கழற்ற முயலவே முயலாதீர்கள். பெரியவர் சொன்னது தவறில்லை, அவர் மனத்தில் இருந்தது மர வில். நம் மொழியிலேயே நாண் ஏற்றுதல், நாண் இறக்குதல் என்று இரண்டு வினைகள் இருக்கின்றனவே, அவை அந்த வகை வில்லுக்கு உரியவை. காலில் ஊன்றி வளைத்து நாணை மாட்டலாம், அதே போலக் கழற்றலாம். காம்பவுண்ட் வில் பிறந்தது மிக அண்மையில்தான். மிசூரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் பெற்றார். அந்த வில்லில் நாணும் இரண்டு கேபிள்களும் மேலும் கீழும் உள்ள கேம் சக்கரங்களோடு ஒரே பின்னலாகக் கட்டப்பட்டிருக்கின்றன. சுவரில் சும்மா தொங்கும்போதும் அதன் லிம்ப்கள், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள வளையும் தகடுகள், வளைக்கப்பட்ட நிலையில்தான் இருக்கின்றன. அந்த இழுவிசையைக் கையால் சமாளிக்க முடியாது. வில் பிரெஸ் என்ற கருவியில் இரண்டு லிம்ப்களையும் ஒரே சீராக அழுத்திய பிறகுதான் நாணைத் தளர்த்த முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் கடைக்கு ஒருவர் வலது கையில் கட்டோடு வந்தார். இடது கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அவருடைய வில். நண்பர் வில்லை முழுதாக இழுத்துப் பிடித்துக்கொள்ள, இவர் கேமின் முளையிலிருந்து நாணின் கண்ணியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பியிருக்கிறார். நெம்பிய நொடியில் மேல் லிம்ப் நீளவாக்கில் பிளந்து, கேம் வளைந்து, கையில் ஏழு தையல். பிளந்த லிம்ப்பின் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கண்ணாடி இழைகள் துடைப்பக்குச்சி போல விரிந்து கிடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. நாணை இறக்கி வைத்தால் வில் நீண்ட நாள் உழைக்கும் என்று எங்கோ கேட்டு, வில்லின் மேல் இருந்த அக்கறையால்தான் அவர் அதைச் செய்தார். நீங்கள் செய்வதற்கு முன் கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி.

அப்படியானால் எப்போதும் வளைந்தே இருக்கும் லிம்ப் சோர்ந்துபோகாதா என்று நினைப்பீர்கள். என் தொழில் சார்ந்த பதில் இது. கண்ணாடி இழை எபாக்சிப் பாகம், அதற்கென வடிவமைக்கப்பட்ட சுமையில், அறை வெப்பத்தில் சும்மா இருக்கும்போது மிகக் குறைவாகவே தளர்கிறது. அதைத் தேய்ப்பது மீண்டும் மீண்டும் வளைந்து நிமிர்வதும், ஏற்கெனவே விழுந்த கீறலும், வெப்பமும்தான். ஓய்வு மாதங்களில் முதலாவது நடப்பதில்லை. இரண்டாவதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மூன்றாவதைத் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு யோசனையும் உங்கள் காதுக்கு எட்டும். நாணைக் கழற்றாவிட்டாலும், லிம்ப்பை ரைசரோடு (கைப்பிடி உள்ள நடுப்பகுதி) பிடித்திருக்கும் போல்ட்களை அறுகோணச் சாவியால் சில சுற்று தளர்த்தி வைக்கலாம் என்பார்கள். இங்கே அனுபவசாலிகளே இரண்டு பக்கம். தளர்த்தினால் லிம்ப்புக்குச் சற்றுச் சுமை குறையும் என்பது உண்மை. அதனால் வில்லின் ஆயுள் கூடுகிறது என்பதற்கு நான் கண்ட ஆதாரம் எதுவும் இல்லை. கேடு வர வழியிருப்பது மட்டும் உறுதி. ஒவ்வொரு மாடலுக்கும் இத்தனை சுற்றுக்கு மேல் தளர்த்தக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் லிம்ப் தன் பள்ளத்திலிருந்து வெளியே எகிறும். வரம்புக்குள் தளர்த்தினாலும் மேலும் கீழும் ஒரே அளவு தளர்த்தி, மறுபடி ஒரே அளவு முறுக்காவிட்டால் அக்டோபரில் அம்பு வேறெங்கோ போகும். நான் தளர்த்துவதில்லை. உங்களுக்கும் வேண்டாம் என்பேன்.

இப்போது இடத்துக்கு வருகிறேன், ஏனெனில் நிறைய வில் கெடுவது இங்கேதான். வெப்பமே முதல் எதிரி. இன்றைய நாண்கள் பெரும்பாலும் டைனீமா என்ற பாலிஎத்திலீன் இழையாலோ, அதோடு வெக்ட்ரான் கலந்த இழையாலோ முறுக்கப்பட்டவை. 452எக்ஸ் என்று கடைகளில் பரவலாகக் கேட்கும் இழை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு டைனீமா, ஒரு பங்கு வெக்ட்ரான். டைனீமா உராய்வைத் தாங்கும், ஆனால் தொடர்ந்து இழுபட்டிருந்தால் மெதுவாக நீளும். சூடு ஏற ஏற அந்த நீட்சி வேகம் கூடும். வெக்ட்ரான் நீளாது, ஆனால் உராய்வில் சீக்கிரம் தேயும். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுவதற்காகத்தான் இரண்டையும் கலக்கிறார்கள். வெளியே 32 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில் மூடிய காரின் உள்ளே ஒரு மணி நேரத்துக்குள் 50 டிகிரியைத் தாண்டிவிடும். கறுப்பு வண்ண ரைசரும் லிம்ப்பும் நேர் வெயிலில் அதைவிடச் சூடாகும். எபாக்சி முழுதாக இளகும் வெப்பம் அது இல்லை. ஆனால் அந்தப் பக்கம் நெருங்க நெருங்கப் பிணைப்பு தளரும். நாண் கொஞ்சம் நீண்டாலும் கேம்கள் ஒன்றுக்கொன்று ஒத்திசைந்து சுழல்வது தவறலாம். ஜூலை மாதத்தில் வில்லைக் கார் டிக்கியிலோ, வீட்டுக் கூரைக்கு அடியில் உள்ள பரணிலோ வைத்துவிட்டு, செப்டம்பரில் ‘சைட் (குறிபார்க்கும் கருவி) தானாக மாறிவிட்டது’ என்று கொண்டுவருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

குளிரைப் பற்றி நீங்கள் பயப்படுவது தேவையில்லை. மிச்சிகன் ஜனவரிக் குளிர் இந்த வில்லுக்கு ஒன்றும் செய்யாது. கெடுதல் குளிரிலிருந்து சூட்டுக்கு மாறும்போது வருகிறது. மைனஸ் பத்து டிகிரியில் மரத்து மேடையில் ஆறு மணி நேரம் இருந்த வில்லைப் பெட்டியில் பூட்டி நேராகச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால், குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். மூக்குக் கண்ணாடி மங்குவது போலத்தான். பெட்டியின் உள்ளே இருக்கும் நுரைத்தட்டு அந்த நீரை உறிஞ்சிக்கொண்டு வாரக்கணக்கில் விடாமல் வைத்திருக்கும். அலுமினியம் தாங்கும். கேமின் அச்சு, அதன் நுனியில் இருக்கும் சிறு வளையம், சைட்டின் திருகாணிகள், பிராட்ஹெட் என்ற வேட்டை அம்பு முனையின் கத்திகள் ஆகியவை எஃகு, அவை துருப்பிடிக்கும். ஆகவே கடைசி நாள் வேட்டை முடிந்து வந்ததும் பெட்டியைத் திறந்தே வைத்து, வில்லை வெளியே எடுத்து, அது அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஒரு முறையும் மறுநாள் காலையில் இன்னொரு முறையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். நுரைத்தட்டு ஈரமாக இருந்தால் தனியே எடுத்துக் காயவைத்த பிறகே வில்லைத் திரும்ப வையுங்கள்.

பேஸ்மென்ட் நல்ல இடம்தானா என்றால் வெப்பத்தைப் பொறுத்தவரை மிக நல்ல இடம், ஈரத்தைப் பொறுத்தவரை வீட்டுக்கு வீடு மாறும். பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை வாங்கி ஒரு வாரம் பாருங்கள். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. கோடையில் 65, 70 என்று ஏறினால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வேண்டும், அல்லது மேல்மாடி அலமாரி ஒன்றைத் தேடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து படிக்கும் வில் விளையாட்டு வீரர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது, அது வேறு. போட்டிக்கான காம்பவுண்ட் வில்லும் இதே பொருள்களால் ஆனதுதான், சென்னை மே மாத வெயிலில் நிறுத்திய காரில் அதுவும் இப்படியேதான் பாழாகும்.

கராஜில் வெப்பத்தையும் ஈரத்தையும் தவிர இன்னோர் ஆபத்து உண்டு, அதை நானே பட்டு அறிந்தேன். என் இரண்டாவது ஆண்டில் வில்லைத் துணி உறையில் போட்டு கராஜ் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். மார்ச்சில் ஜிப்பைத் திறந்தால் பஞ்சு, சூரியகாந்தி விதைத் தோல், எலிப்புழுக்கை. நாணில் மூன்று இடங்களில் கடித்திருந்தது. ஓரிடத்தில் இழைகள் பாதிக்கு மேல் அறுந்து மயிரிழையாகச் சிலிர்த்து நின்றன. நாண் மெழுகின் வாசனை எலியை இழுக்கிறது என்பார்கள். அதனாலா, கூடு கட்ட இழை தேடியா என்று எனக்கு நிச்சயமில்லை. அறுந்ததைக் கவனிக்காமல் அன்று இழுத்திருந்தால் என் முகத்துக்கு நேராக நாண் அறுந்திருக்கும். அன்றிலிருந்து என் வில் வீட்டுக்குள், படுக்கையறை அலமாரியில், வெளிச்சுவரில் ஒட்டாமல் இருக்கிறது.

எப்படித் தொங்கவிடுவது என்று பலர் பெரிதாக விவாதிப்பார்கள். காம்பவுண்ட் வில்லுக்கு அது பெரிய விஷயமில்லை. நிற்கவைத்தாலும் கிடத்தினாலும் தொங்கவிட்டாலும் லிம்ப் கோணாது. துணைக்கருவிகளோடு சேர்த்து வில்லின் எடை இரண்டு, இரண்டரை கிலோ இருக்கும். நாண் ஏற்கெனவே தாங்கும் இழுவிசைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. எனவே நாணில் மாட்டித் தொங்கவிட்டால் நாண் நீளும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் உங்கள் ஆணியின் கூர்மையான விளிம்பு நாணின் மேல் சுற்றியிருக்கும் சர்விங் நூலை அராவும். அதைத் தவிர்க்க அகலமான, ரப்பர் பூசிய இரண்டு கொக்கிகளில் ரைசர் படும்படி வையுங்கள். கேமில் மாட்டாதீர்கள். மேலே கனமான எதுவும் வைக்காதீர்கள்.

உள்ளே வைப்பதற்கு முன் ஒரு மாலையை ஒதுக்கிச் சுத்தம் செய்யுங்கள். மானின் இரத்தம் பட்டிருந்தால் அதுவே முதல் வேலை. உப்பு கலந்தது, எஃகை அரிக்கும், நாணில் காய்ந்தால் இழைகளை ஒட்டவைக்கும். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, நனைத்துப் பிழிந்த துணி, பிறகு உலர்ந்த துணி. இவ்வளவு போதும். பெட்ரோல், தின்னர், தெளிப்பு எண்ணெய் எதுவும் லிம்ப் பக்கமும் நாண் பக்கமும் போகக் கூடாது, நாணில் உள்ள மெழுகை அவை கரைத்துவிடும். பலர் கவனிக்காத ஒன்று கொசு விரட்டி. டீட் கலந்த மருந்தைக் கையில் பூசிக்கொண்டு வில்லைப் பிடித்தால் பிளாஸ்டிக் பாகங்களும் மேற்பூச்சும் பிசுபிசுத்துப் போகும். கைப்பிடியில் அப்படி ஒட்டினால் உடனே கழுவுங்கள். கேம் அச்சுக்கு எண்ணெய் இடுவதா என்பது மாடலைப் பொறுத்தது. மூடிய பேரிங் உள்ளவற்றுக்குத் தேவையே இல்லை. உங்கள் வில்லின் கையேடு இடச் சொன்னால் ஊசி முனையில் ஒரு சொட்டு, வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும்.

துடைத்து முடித்ததும் ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து இரண்டு லிம்ப்களின் மேல், கீழ், ஓரங்கள் எங்கும் மெதுவாக வருடிக்கொண்டு வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தால் பஞ்சு அங்கே ஒரு நூலை விட்டுவிட்டு வரும். லிம்ப் பள்ளத்தின் அருகிலும் அச்சு போகும் கவட்டையிலும் நின்று பாருங்கள், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பூச்சுக்கு அடியில் வெளிறிய கோடோ திட்டோ தெரியலாம். காது குடையும் பஞ்சுக் குச்சியால் கேமின் பள்ளத்து விளிம்பைச் சுற்றிலும் வருடுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் உலோகம் பிசிறடித்திருக்கிறது, நாணை அது அறுக்கும். இவற்றில் எது தென்பட்டாலும் அந்த வில்லை இழுக்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள். படம் அனுப்பிக் கேட்டால் பூச்சுக் கீறலா லிம்ப் விரிசலா என்று என்னால் சொல்ல முடியாது, கையில் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

நாணுக்கு மெழுகு போடுவது எளிது, ஆனால் பலர் அப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். முதலில் பழைய மெழுகை எடுக்க வேண்டும். ஒரு முழ நீளத்துக்குப் பல் இடுக்கு நூலை எடுத்து நாணை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, இரு முனையையும் லேசாக இழுத்தபடி நாணின் மேல் வழுக்கிக்கொண்டு போங்கள். சாம்பல் நிற அழுக்கு மெழுகு நூலின் முன்னால் திரண்டு வரும். முதல் முறை பார்த்தபோது இவ்வளவு காட்டுத் தூசி இதற்குள் இருந்ததா என்று வியந்தேன். பிறகு நாண் மெழுகுக் குச்சியை மெல்லியதாகத் தடவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து விரல் சுடும் வரை மேலும் கீழும் தேயுங்கள். அந்தச் சூட்டில்தான் மெழுகு இழைகளுக்கு உள்ளே இறங்கும். முடிந்ததும் நாண் வழுவழுவென்று இருக்க வேண்டும், கையில் பிசுக்கு ஒட்டக் கூடாது. கேபிள்களுக்கும் இதே முறை. நூல் சுற்றிய சர்விங் பகுதிக்கும் மெழுகு வேண்டுமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அங்கே படிந்தால் கேம் பள்ளத்தில் தூசி சேர்கிறது என்பது என் அனுபவம், ஆகவே நான் விட்டுவிடுகிறேன். வேட்டைப் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஓய்வுக் காலத்தில் உள்ளே வைக்கும்போது ஒரு முறை, பயிற்சியைத் தொடங்கும்போது ஒரு முறை என்பது போதுமானது.

நாணை எப்போது மாற்றுவது? இரண்டு மூன்று ஆண்டு என்பார்கள். அதை ஒரு தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் நூறு அம்பு விடுபவரின் நாணும் ஆண்டுக்கு நூறு விடுபவரின் நாணும் ஒன்றாகத் தேயாது. உறுதியான அடையாளங்கள் வேறு: ஓர் இழையாவது அறுந்திருப்பது, மெழுகு போட்ட பிறகும் மயிர்க்கால் போலச் சிலிர்த்தே இருப்பது, சர்விங் நூல் விலகி உள்ளிருக்கும் நாண் தெரிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆண்டுக் கணக்கைப் பார்க்காமல் மாற்றுங்கள். கேமுக்கு அருகில் நாண் கொஞ்சம் பொசுபொசுவென்று இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மெழுகு போட்டும் அது அடங்காவிட்டால் அதுதான் உங்கள் வில்லுக்கு இந்த ஆண்டின் வேலை.

நான் கடைக்கு வரும் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்று உண்டு. வில்லை உள்ளே வைப்பதற்கு முன் மூன்று அளவுகளை எடுத்து ஒரு தாளில் எழுதிப் பெட்டியிலேயே ஒட்டுங்கள். மேல் கேமின் அச்சிலிருந்து கீழ் கேமின் அச்சு வரை உள்ள தூரம், கைப்பிடியின் ஆழமான பகுதியிலிருந்து நாண் வரை உள்ள தூரம், தராசில் இழுத்துப் பார்த்த பலம். முதல் இரண்டை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு வரை துல்லியமாக எடுங்கள். தராசு இல்லையென்றால் கடையில் இரண்டு நிமிட வேலை. கூடவே வெள்ளிநிற மை பேனாவால் சைட், அம்பு தாங்கும் ரெஸ்ட், லிம்ப் போல்ட்கள் இப்போது இருக்கும் நிலையில் மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். கோடையில் வில்லை எடுத்ததும் மறுபடி அளந்து பாருங்கள். எண்கள் அப்படியே இருந்தால் நாண் நீளவில்லை, எதுவும் நகரவில்லை. அதற்குப் பிறகும் அம்பு இடதுபக்கம் போனால் காரணம் உங்கள் பிடியில் இருக்கிறது, வில்லைத் திருகத் தேவையில்லை. இந்த ஒரு தாள் இல்லாததால் எத்தனை பேர் சரியாக இருந்த வில்லைத் திருகித் திருகிக் கெடுத்திருக்கிறார்கள்!

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்குள்ள சைட்டிலும் தூரமானியிலும் உள்ள பேட்டரிகளை எடுத்துவிடுங்கள், கசிந்தால் கருவியே போய்விடும். பிராட்ஹெட்களைக் கழற்றித் துடைத்து, கத்திகளில் மெல்லிய எண்ணெய் தடவி, மூடியுள்ள தனிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். அம்புகளை இறகு நசுங்காமல் தாங்கியில் வையுங்கள். கார்பன் அம்பு ஒவ்வொன்றையும் இரு முனையிலும் பிடித்து லேசாக வளைத்து, சுழற்றிச் சுழற்றி நான்கு பக்கமும் செய்து பாருங்கள். ‘கிரிக்’ என்று மெல்லிய ஒலி வந்தாலும் அந்த அம்பை இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். விலை கருதி வைத்துக்கொள்ளாதீர்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு விடும் நொடியில் சிதறி, வில் பிடித்த கைக்குள் ஈர்க்குச்சி போல ஏறும். அதை அகற்ற அறுவைச் சிகிச்சை வரை போனவர்கள் இருக்கிறார்கள்.

இனிப் பெரியவர் கொடுத்த மர வில். இதற்கு அவர் சொன்னதே சட்டம். ஒவ்வொரு முறை பயன்படுத்தி முடித்ததும் நாணை இறக்க வேண்டும். வளைந்தே இருந்தால் மரம் அந்த வளைவைப் பழகிக்கொண்டு கூன் விழும், அப்புறம் அம்பின் வேகம் குறையும். இறக்கவும் ஏற்றவும் இரு முனையிலும் மாட்டும் ஸ்ட்ரிங்கர் என்ற கயிற்றைப் பயன்படுத்துங்கள். காலுக்கு நடுவில் கொடுத்து வளைப்பது பழைய பழக்கம், லிம்ப் முறுகுவதற்கு அதுவே முக்கியக் காரணம். மூலையில் சாய்த்து நிறுத்தியிருப்பதை இன்றே மாற்றுங்கள். வில்லின் எடை கீழ் நுனியில் இறங்கிக் காலப்போக்கில் அதைத் திருகிவிடும். கைப்பிடிக்கு இரு பக்கமும் தாங்கும்படி இரண்டு முளைகளில் கிடையாக வையுங்கள். வில் செய்பவர்கள் மரத்தில் ஈரப்பதம் எட்டு முதல் பத்து சதவீதம் இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று மிகவும் வறண்டது. சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்கு மேல் மாட்டினால் மரம் காய்ந்து, அடுத்த முறை இழுக்கும்போது முறியலாம். முதலில் அது முழு மரமா, மரத்தின் மேல் கண்ணாடி இழைத்தகடு ஒட்டியதா என்று ஓரத்தைப் பாருங்கள். தகடு ஒட்டியது இவ்வளவு நோஞ்சான் அல்ல. நம் மாநிலத்துக் கிரேலிங் ஊரில் ஃபிரெட் பேர் 1947இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த அந்த வகை ரீகர்வ் விற்கள் (நுனிகள் முன்பக்கம் வளைந்தவை) இன்றும் அம்பு விடுகின்றன. அதற்கும் நீண்ட ஓய்வில் நாணை இறக்குவதே நல்லது. உங்களுடையது முழு மரமாக இருந்தால், எத்தனை ஆண்டு சும்மா கிடந்தது என்று தெரியாத நிலையில், மர வில் செய்யும் ஒருவரிடம் காட்டாமல் முழு நீளத்துக்கு இழுக்காதீர்கள். என் அறிவு அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சுவரில் தொங்கும் வில்லைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் ஒரு முறை இழுத்து விட்டுப் பார்க்கத் தோன்றும். பெரியவர்களுக்கும் தோன்றும். அம்பு இல்லாமல் நாணை விட்டால், அம்போடு போக வேண்டிய ஆற்றல் முழுவதும் திரும்பி லிம்ப்பிலும் கேமிலும் நாணிலும் பாயும். ஒரே முறையில் வில் சிதறலாம். சிதறாவிட்டாலும் உள்ளே விரிசல் விழுந்து அடுத்த முறை சிதறலாம். எனவே பூட்டிய பெட்டியோ பூட்டுள்ள அலமாரியோ தேவை, விருந்தாளிகள் வரும் நாளில் இன்னும் கவனம் தேவை. யாராவது அப்படி விட்டுவிட்டால் திட்ட மாட்டேன், என்னிடம் சொல்லிவிடு என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். மறைத்தால்தான் ஆபத்து.

கடைசியாக, அக்டோபர் 1 வரை உள்ளேயே வைத்திருப்பதைப் பற்றி. இங்கே வில்வேட்டைப் பருவம் அக்டோபர் 1இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரம் தூசி தட்டி எடுத்து, பத்து அம்பு விட்டுவிட்டுக் காட்டுக்குப் போவது எனக்கு ஏற்கவே முடியாத செயல். குறி கொஞ்சம் தவறினாலும் அடிபட்ட மான் இரவெல்லாம் ஓடித் துன்பப்பட்டுச் சாகும். மாதத்துக்கு ஒரு முறை வில்லை வெளியே எடுத்து, பஞ்சு உருண்டைச் சோதனை செய்து, இருபது அம்பு விடுங்கள். குளிர்காலத்தில் உள்ளரங்கப் பயிற்சிக் கூடங்கள் திறந்திருக்கும். உங்கள் தோளும் முதுகும் பலம் இழக்காமல் இருக்கும், வில்லில் ஏதாவது கோளாறு வந்தால் மாதக் கணக்கில் முன்கூட்டியே தெரியும். நாணை மாற்றுவதாக இருந்தால் ஜூன் மாதத்துக்குள் கடைக்குப் போய்விடுங்கள். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் மேசையில் வில் மலையாகக் குவியும், வாரக் கணக்கில் காத்திருக்க நேரும். புது நாண் முதல் நூறு இருநூறு அம்பு வரை படிந்து அமர்வதற்கும் அவகாசம் வேண்டும். அதன் பிறகு சைட்டைச் சரிசெய்து, அந்த மூன்று அளவுகளையும் புதிதாக எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரண்டு விற்களையும் கராஜிலிருந்து வீட்டுக்குள் எடுத்து வாருங்கள். மர வில்லில் நாண் இன்னும் ஏறியே இருந்தால், ஸ்ட்ரிங்கர் வாங்கிய பிறகு மெதுவாக இறக்குங்கள்.